ஜேசியில் எந்தப் பாடங்கள்? வெளிநாட்டு விண்ணப்பமும் எச்2 தமிழும்

செங்காங்_அம்மா · திங்கள் இரவு 10:12

வணக்கம். மகளுக்கு இங்கே சிங்கப்பூரில் ஜேசியில் (பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் தொடக்கக் கல்லூரி) இடம் கிடைத்துவிட்டது, அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பாடத் தொகுப்பை எழுதிக் கொடுக்க வேண்டுமாம், சாப்பாட்டு மேசை பட்டிமன்ற மேடையாகிவிட்டது.

அவளுக்குப் பொருளியல் படிக்க ஆசை, முடிந்தால் லண்டனில். உள்ளூரில் கிடைத்தாலும் சரி, ஆனால் வெளியேயும் விண்ணப்பித்துப் பார்க்கிறேன் என்கிறாள். வீட்டுக்காரர் சொல்வது: இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளியல், நான்கும் எச்2 (முழு அளவு), எந்தக் கதவும் மூடாது. அவள் கேட்பது: எச்2 கணிதம், எச்2 பொருளியல், எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும், நான்காவதாக எச்1 (பாதி அளவு) ஏதாவது. உயர்தமிழில் ஏ1 வாங்கியவள், ஆசையாகப் படிப்பாள். என் மைத்துனர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "லண்டன்காரனுக்குத் தமிழ் மார்க் எதற்கு?"

நான் ஊரில் பிளஸ் டூ படித்தவள். அங்கே முதல் குரூப், இரண்டாம் குரூப், அதோடு சரி. இந்த எச்1 எச்2 கணக்கே இப்போதுதான் பிடிபடுகிறது. யாராவது விளக்குங்களேன்.

ஜூரோங்_அப்பா · திங்கள் இரவு 10:40

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினாறு வயதுப் பிள்ளை இன்றைக்குப் பொருளியல் என்கும், நாளைக்கு டாக்டர் என்கும். என் மகன் உயர்நிலை 4இல் விமானி, ஜேசி முதலாண்டில் கட்டடக் கலைஞர், இப்போது படிப்பது கணினி. அறிவியல் பாடங்களை எடுத்து வைத்ததால் பிழைத்தான். கலைப் பாடத்திலிருந்து அறிவியலுக்குப் பிறகு மாற முடியாது, அறிவியலிலிருந்து எங்கும் போகலாம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · திங்கள் இரவு 11:25

ஜேசியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு பிப்ரவரியும் இதே கேள்வி, இதே கவலை முகங்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது மூன்று எச்2, ஒரு எச்1, அதோடு ஜீபி (ஜெனரல் பேப்பர், பொதுத்தாள்). நான்கில் ஒன்றாவது மாற்றுத் துறையிலிருந்து வர வேண்டும். அறிவியல் பிள்ளை பொருளியலோ வரலாறோ எடுப்பது அதனால்தான், கலைப் பிள்ளைக்குக் கணிதமே அந்த இடத்தை நிரப்பிவிடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் நம் எச்2வைத் தங்கள் ஏ-லெவலுக்குச் சமமாகப் பார்க்கின்றன, எச்1ஐப் பாதி அளவாக. அவர்கள் இடம் தருவது அநேகமாக மூன்று பாடங்களின் மதிப்பெண்ணை வைத்து. நான்காவது எச்2 இருந்தால் நல்லது என்று புன்னகைப்பார்கள், அதற்காக இடம் தர மாட்டார்கள். நான்கு எச்2 எடுத்து ஏ, பி, பி, சி வாங்குகிற பிள்ளையைவிட மூன்று எச்2வில் மூன்று ஏ வாங்குகிற பிள்ளைதான் அங்கே முன்னால் நிற்கும். நம் தேர்வில் ஏ-ஸ்டார் கிடையாது என்பதால் உச்சத்தில் இருக்கும் இடங்கள் நம்மிடம் கேட்பது அந்த மூன்று ஏதான்.

அடுத்தது, நிறைய பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிற விஷயம். பொருளியல் பட்டத்துக்கு ஜேசியில் பொருளியல் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேம்பிரிட்ஜும் எல்எஸ்இயும் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) கட்டாயமாகக் கேட்பது கணிதம், அதுவும் எச்2. எச்1 கணிதத்தோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேற்கணிதம் (ஃபர்தர் மேத்ஸ்) இருந்தால் இன்னும் நல்லது. அது 2006இல் நம் பாடத்திட்டத்திலிருந்து போய் 2016இல் திரும்பி வந்தது, எல்லா ஜேசியிலும் கிடையாது, எச்2 கணிதத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். இரண்டு இடங்களும் இப்போது டிஎம்யுஏ என்ற கணிதத் தேர்வையும் எழுதச் சொல்கின்றன.

ஆகவே "எந்தப் பாடம் நல்ல பாடம்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதிலே கிடையாது. மகள் படிக்க விரும்பும் நான்கைந்து படிப்புகளின் பக்கங்களைத் திறந்து, கட்டாயப் பாடம் என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஆறு மாதம் டியூஷன் நிலையத்தில் விசாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூரோங் நண்பருக்கு: கதவுகள் திறந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிடிக்காத இயற்பியலில் டி வாங்கினால் அந்தக் கதவு திறந்திருந்து என்ன?

தேக்கா_வாசி · செவ்வாய் காலை 7:50

சார் சொல்வது சரி, ஆனால் ரஸ்ஸல் குழுமம் என்று பிரிட்டனின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து "வழிதிறக்கும் பாடங்கள்" என ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்களே. கணிதம், அறிவியல் மூன்றும், வரலாறு, புவியியல், ஆங்கில இலக்கியம், மொழிகள். பொருளியல்கூட அதில் இல்லை! அந்தப் பட்டியலில் இருந்து எடுத்தால் போதும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · செவ்வாய் காலை 8:30

அந்தப் பட்டியல் 2011இல் வந்தது, 2019இல் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். எல்லாரும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு ஓவியம், இசை எடுக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்தியதுதான் காரணம். இப்போது படிப்பு வாரியாகத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று, எல்எஸ்இ மாதிரி இடங்கள் கணக்கியல், வணிகம் போன்றவற்றை "அவ்வளவு விரும்பாத பாடங்கள்" என்று தனியாகப் பட்டியல் போட்டதும் உண்டு. மூன்றில் இரண்டு அந்த வகையாக இருந்தால் சிக்கல்.

ஓஆர்டி_எப்போ · செவ்வாய் பகல் 1:05

வணக்கம், நான் இப்போது தேசிய சேவையில், கேம்பில் மதிய இடைவேளை. இயற்பியல், வேதியியல், கணிதம் எச்2, பொருளியல் எச்1 எடுத்தேன். இங்கிலாந்தில் பொறியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பையன்கள் வைத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

நாங்கள் அநேகமாகச் சேவை முடிகிற ஆண்டுக்கு முந்தைய அக்டோபரில்தான் விண்ணப்பிக்கிறோம், கையில் உண்மையான ஏ-லெவல் முடிவோடு. அது ஒரு வசதி. பெண் பிள்ளைகள் ஜேசி இரண்டாமாண்டில் ஆசிரியர் கணித்துக் கொடுக்கும் மதிப்பெண்ணை வைத்துப் போட வேண்டும், நவம்பரில் தேர்வு, பிப்ரவரிக் கடைசியில் முடிவு. யூகாஸின் (பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) பொதுக் கெடு ஜனவரியிலேயே வந்துவிடும். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15. கணிப்பு நன்றாக வர வேண்டும் என்றால் முதலாண்டு இறுதித் தேர்வையும் பிரிலிமையும் (ஏ-லெவலுக்கு முன் பள்ளி வைக்கும் தேர்வு) விளையாட்டாக எடுக்கக் கூடாது.

அசௌகரியம் என்ன என்றால், கணிதம் மறந்துபோகும். கேம்பிரிட்ஜ், லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பொறியியலுக்கு எசாட் என்று ஒரு தேர்வு, 2024இலிருந்து. கணிதம் இரண்டு பகுதி, இயற்பியல் ஒரு பகுதி, கால்குலேட்டர் கிடையாது. இரவு காவல் முடித்து வந்து விசையையும் திசைவேகத்தையும் கையால் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என் பிளாட்டூன் சார்ஜண்ட் நான் ஏதோ ரகசியக் குறியீடு எழுதுகிறேன் என்று நினைத்தார். அதனால் எனக்குப் பிடித்த பாடமாக இயற்பியல் இருந்தது பெரிய காரியம். பிடிக்காமல் எடுத்திருந்தால் ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பத் தொட்டிருக்கவே மாட்டேன்.

கனடா போக நினைப்பவர்கள்: வாட்டர்லூவில் எந்தப் பொறியியல் என்றாலும் வேதியியலும் கேட்கிறார்கள். என் நண்பன் வேதியியலை விட்டுவிட்டுக் கணினி எடுத்தவன், அங்கே விண்ணப்பிக்கவே முடியவில்லை.

ஜூரோங்_அப்பா · செவ்வாய் மாலை 6:15

பார்த்தீர்களா, வேதியியல் இல்லாததால் ஒரு கதவு போச்சு. நான் சொன்னதுதான்.

அங்மோகியோ_சித்தி · செவ்வாய் இரவு 9:02

வேதியியல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அக்கா மகள் டாக்டர் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மருத்துவத்துக்கு வேதியியல் இல்லாமல் ஏறக்குறைய எங்கும் நடக்காது. இங்கே என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) வேதியியலோடு உயிரியல் அல்லது இயற்பியல், இம்பீரியலில் வேதியியலும் உயிரியலும் இரண்டுமே. இயற்பியலோடு என்யுஎஸ்ஸுக்கு ஓகே என்று எடுத்துவிட்டு, லண்டனுக்குப் போடும்போது விழிப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு மருத்துவம் என்றால் உயிரியலை விடாதீர்கள் என்பது என் கருத்து. யூகேட் என்ற மருத்துவச் சேர்க்கைத் தேர்வும் எழுத வேண்டும், அது அந்த ஒரு ஆண்டு விண்ணப்பத்துக்கு மட்டும்தான் செல்லும். பிமேட் என்ற இன்னொரு தேர்வு 2023ஓடு நின்றுவிட்டது, பழைய புத்தகத்தை யாரும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

ஆனால் இதைவிடப் பெரிய பள்ளம் வேறு. இவள் மூன்று இடத்தில் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்தபோது ஒரு முகவர் வந்தார். ஐரோப்பாவில் ஒரு கல்லூரி, எந்தத் தேர்வும் வேண்டாம், இடம் நிச்சயம், முன்பணம் மட்டும் இந்த வாரத்துக்குள். அக்கா நகையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அத்தான்தான் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலைத் தேடிப் பார்த்தார், அந்தக் கல்லூரி அதில் இல்லவே இல்லை. படித்துவிட்டு வந்து இங்கே மருத்துவராகப் பதிய முடியாது. 2020 ஜனவரியில் அந்தப் பட்டியலை 160இலிருந்து 103ஆகக் குறைத்தார்கள், பிறகு சில கல்லூரிகளைச் சேர்த்தார்கள். முகவரிடம் கேட்டால், "அதெல்லாம் மாறும் மேடம்" என்கிறார். நகை திரும்ப உள்ளே போனது, பிள்ளை இப்போது வேறு படிப்பில் நன்றாக இருக்கிறாள்.

சட்டத்துக்கும் இதே கதைதான். சிங்கப்பூர் ஏற்கும் இங்கிலாந்துச் சட்டக் கல்லூரிகளை 2016இல் 19இலிருந்து 11ஆகக் குறைத்தார்கள். பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே, திரும்பி வந்து வேலை பார்க்க முடியுமா என்று பாருங்கள்.

பொங்கோல்_புதுவரவு · செவ்வாய் இரவு 11:48

எங்கள் நிலை வேறு. நாங்கள் இந்தியக் குடிமக்கள், மகன் இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ. பதினொன்றில் வணிகப் பிரிவு எடுத்து "பயன்பாட்டுக் கணிதம்" படிக்கிறேன் என்கிறான், சுலபமாம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து இரண்டும் மனதில் இருக்கிறது. இந்த இழையில் கேட்கலாமா?

மெல்பர்ன்_மாணவி · புதன் காலை 6:20

பொங்கோல் அண்ணா, தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். சிபிஎஸ்இயில் 041 என்பது முழுக் கணிதம், 241 பயன்பாட்டுக் கணிதம். கணிதம் கட்டாயம் என்று போட்டிருக்கும் படிப்புகளில் பல பல்கலைக்கழகங்கள் 241ஐக் கணிதமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வணிகப் பிரிவு எடுக்கட்டும், தாராளமாக, ஆனால் 041ஓடு. மருத்துவம் பக்கம் நினைப்பு இருந்தால், இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்து இந்தியாவில் தொழில் செய்ய வேண்டும் என்றாலும் நீட் தேற வேண்டும், 2018இலிருந்து அப்படித்தான்.

நான் ஜேசி முடித்து மெல்பர்ன் வந்தவள். இங்கே கல்வி ஆண்டு பிப்ரவரிக் கடைசி, மார்ச் தொடக்கத்தில் ஆரம்பம். நம் ஏ-லெவல் முடிவு வருவதும் அதே சமயம், அதனால் நான் ஜூலையில் சேர்ந்தேன். இடையில் நாலு மாதம் புத்தகக் கடையில் வேலை பார்த்தேன், வாழ்க்கையிலேயே நல்ல நாலு மாதம். வணிகப் பட்டத்துக்கு இங்கேயும் கணிதம் கேட்கிறார்கள். பொறியியல் என்றால் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் மூன்று ஆண்டு, மேலே முதுநிலை இரண்டு ஆண்டு, ஆக ஐந்து ஆண்டுச் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக ஆஸ்திரேலியாவில் மொத்த மதிப்பெண்ணும் அந்த ஒன்றிரண்டு கட்டாயப் பாடங்களும்தான். நான்காவது பாடம் என்ன என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை.

செங்காங்_அம்மா · புதன் காலை 9:33

எல்லாருக்கும் நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் மகள் இதை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்டாள்: "அம்மா, தமிழைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லையே?"

தேக்கா_வாசி · புதன் காலை 9:50

சொல்ல என்ன இருக்கிறது, ஆர்வம் இருந்தால் வீட்டில் படிக்கலாம். எச்2வில் எடுத்து இடத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழாசிரியை_கிழக்கு · புதன் பகல் 12:40

தேக்கா வாசி அண்ணே, "வீட்டில் படிக்கலாம்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு பாடமும் வீட்டிலும் படிக்கப்படுவதில்லை. இருபது ஆண்டாகப் பார்க்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் முழு எச்2 பாடம், 20 புள்ளி, கணிதத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. நிறைய பேர் இதை எச்1 தாய்மொழியோடு குழப்பிக்கொள்கிறார்கள். உயர்தமிழ் தேறிய பிள்ளைக்கு ஜேசியில் தாய்மொழிப் பாடம் கட்டாயமில்லை, ஆகவே உங்கள் மகள் அதற்காக எடுக்கவில்லை, இலக்கியத்துக்காக எடுக்கிறாள். பழம்பாட்டு, புதுக்கவிதை, கதை, நாடகம் எல்லாம் வாசித்து, வாதத்தோடு பக்கம் பக்கமாக எழுத வேண்டும். சுலபமான ஏ என்று நினைத்து வருபவர்கள் முதல் தவணையிலேயே முகம் வாடிவிடுவார்கள். உயர்தமிழ் ஏ1 வேறு, இது வேறு.

உள்ளூர்ப் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கணக்கும் இப்போது சாதகம். 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 90 புள்ளி இல்லை, 70. மூன்று எச்2வுக்கு 60, ஜீபிக்கு 10. நான்காவது பாடம் மதிப்பெண்ணை உயர்த்தினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். திட்டப்பணி தேர்ச்சி பெற்றால் போதும். முன்பு மாதிரி எல்லாவற்றிலும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில்தான் ஒரு முள். பிரிட்டனில் சில இடங்கள், சில துறைகள், விண்ணப்பிப்பவர் வீட்டில் பேசும் மொழியில் எடுத்த ஏ-லெவலைத் தேவையான மூன்றில் ஒன்றாக எண்ணுவதில்லை. எல்லாரும் அப்படி இல்லை. நம் பிள்ளைகள் விஷயத்தில் இது குழப்பமாகவே இருக்கும், ஏனென்றால் பள்ளியில் பயிற்று மொழி ஆங்கிலம், பாதிப் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம்தான், அதோடு இது மொழித் தேர்வு இல்லை, இலக்கியத் தேர்வு. ஆனால் நாம் நியாயம் பேசி என்ன, முடிவு அவர்கள் கையில். விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பாடத்தின் முழுப் பெயரைக் குறிப்பிடுங்கள், "மதர் டங்" என்று எழுதிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · புதன் பகல் 2:15

டீச்சர் சொன்னதோடு உடன்படுகிறேன். அப்படியானால் கேள்வி, தமிழ் எடுக்கலாமா வேண்டாமா என்பது இல்லை, தமிழ் அந்த மூன்றுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதுதான். கணிதம், பொருளியல், தமிழ் என்று மூன்றே எச்2 வைத்துக்கொண்டு, ஒரு பல்கலைக்கழகம் தமிழை எண்ண மாட்டேன் என்றால், அங்கே கையில் இரண்டுதான் மிஞ்சும். எச்1 அதை நிரப்பாது. கணிதம், பொருளியல், வரலாறு என்று மூன்றை வைத்துத் தமிழை நான்காவது எச்2வாக எடுத்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் வரலாறும் இலக்கியமும் சேர்ந்தால் வாரம் முழுக்கக் கட்டுரைதான். எழுதுகிற கை வலிக்கும்.

திங்களன்று நான்காவது எச்2வைக் குறைத்துப் பேசியவன் நான்தான், இன்று அதையே சொல்கிறேன். ஆனால் இது நாலு கதவுக்காக எடுக்கும் நான்கு இல்லை, பிடித்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காக எடுக்கும் நான்கு. பள்ளி அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். முதலாண்டில் தாங்கவில்லை என்றால் ஒன்றை எச்1ஆகக் குறைத்துக்கொள்ளலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும்.

ஓஆர்டி_எப்போ · புதன் இரவு 9:40

அக்கா, அமெரிக்காவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அங்கே கதையே வேறு. கட்டாயப் பாடம் என்று பெரும்பாலும் கிடையாது, சேர்ந்த பிறகுதான் துறையைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் உயர்நிலை 3இலிருந்து எல்லா மதிப்பெண்ணும் கேட்பார்கள், பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களை எடுத்தாயா என்று பார்ப்பார்கள். எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வைப் பல இடங்கள் கோவிட் சமயத்தில் விட்டுவிட்டன, எம்ஐடி 2022இல் திரும்பக் கொண்டுவந்தது, ஹார்வர்ட், யேல் எல்லாம் 2024இல்.

தமிழ் அங்கே உதவும், மதிப்பெண்ணுக்காக இல்லை. எம்ஐடி இரண்டு ஆசிரியர் கடிதம் கேட்கும், ஒன்று கணிதம் அல்லது அறிவியல், இன்னொன்று மொழி அல்லது கலைப் பாடங்களின் பக்கத்திலிருந்து. நானும் போட்டேன் (கிடைக்கவில்லை, அது வேறு கதை). எனக்கு எழுதிக் கொடுத்தவர் என் தமிழ் ஆசிரியர். இருபத்தைந்து பேர் உட்காரும் பொருளியல் வகுப்பில் ஆசிரியருக்கு என் பெயர் ஞாபகம் இருந்தாலே பெரிது. தமிழ் இலக்கிய வகுப்பில் நாங்கள் ஆறு பேர். நான் என்ன கேள்வி கேட்டேன், எதில் சண்டை போட்டேன் என்று அவருக்கு நுணுக்கமாகத் தெரியும்.

ஜூரோங்_அப்பா · புதன் இரவு 10:30

தம்பி, நீ அறிவியல் பிள்ளை என்றுதானே நினைத்தேன், எங்கே தமிழ் இலக்கியம் வந்தது?

ஓஆர்டி_எப்போ · புதன் இரவு 10:34

முதலாண்டு மட்டும் நான்காவதாக எடுத்தேன் அங்கிள், பிறகு தாங்க முடியாமல் விட்டுவிட்டேன். விட்டதற்கு இன்னும் வருத்தம் உண்டு. பொருளியல் எச்1 அந்த இடத்தில் வந்ததுதான்.

செங்காங்_அப்பா · வியாழன் காலை 7:15

நான்தான் அந்த "வீட்டுக்காரர்". மனைவி இரண்டு நாளாக இதையே வாசித்துக்கொண்டிருக்கிறாள், ரசத்தில் உப்பு இல்லை. என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் பாலிடெக்னிக் படித்தவன். உயர்நிலை 2 முடிவில் ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்) வேண்டாம் என்று யாரோ சொல்ல, விட்டுவிட்டேன், அதன் பிறகு எனக்குப் பிடித்த படிப்பு ஒவ்வொன்றிலும் அந்த ஒரு பாடம் குறுக்கே வந்து நின்றது. அதனால்தான் எதையும் விடாதே என்று மகளிடம் சொல்கிறேன். தமிழ் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. என் அம்மா அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தபோது சந்தோஷப்பட்டவன் நான்தான்.

வாத்தியார் சார், ஒரே கேள்வி. பொருளியல் அவளுக்குப் பிறகு பிடிக்காமல் போனால், கணிதம், பொருளியல், வரலாறு, தமிழ் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

ஓய்வுபெற்ற_வாத்தியார் · வியாழன் காலை 8:05

சட்டம், அரசியல், சமூகவியல், உளவியலில் பெரும்பகுதி, கணக்கியல், வணிகம், ஆசிரியர் பணி, இதழியல். போக முடியாதவை மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியலில் பெரும்பகுதி. அவள் இதுவரை ஒரு நாளாவது அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறாளா? பார்த்திருந்தால் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. பார்க்கவே இல்லை என்றால் நீங்கள் திறந்து வைப்பது அவள் போகாத அறையின் கதவு. உங்களுக்கு மூடிய கதவு கணிதம். அவள் கணிதத்தை விடவில்லையே சார்.

அங்மோகியோ_சித்தி · வியாழன் காலை 8:20

ரசத்தில் உப்பு இல்லை என்று பொது இடத்தில் எழுதியதற்கு இன்றைக்குச் சாப்பாடே கிடைக்காது, பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

செங்காங்_அம்மா · வெள்ளி இரவு 8:50

படிவம் கொடுத்தாயிற்று. என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் நியாயமில்லை.

மகள் புதன் இரவே மூன்று பல்கலைக்கழகங்களுக்கு மின்னஞ்சல் போட்டாள், டீச்சர் சொன்ன மாதிரி பாடத்தின் முழுப் பெயரோடு. இரண்டு இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஒன்று ஏற்கிறோம் என்கிறது. இன்னொன்று, வீட்டில் பேசும் மொழி என்றால் மூன்றில் ஒன்றாக எண்ண மாட்டோம், கூடுதலாக இருந்தால் வரவேற்கிறோம் என்கிறது. மூன்றாவது இன்னும் வரவில்லை. ஆகவே கணிதம், பொருளியல், வரலாறு, தமிழ், நான்கும் எச்2. பள்ளியில் முதலில் யோசித்தார்கள், பிறகு முதலாண்டின் பாதியில் மதிப்பெண்ணைப் பார்த்து வரலாற்றை எச்1ஆகக் குறைக்கலாமா என்று பேசிக்கொள்ளலாம் என்றார்கள். குறைத்தால் அந்த இரண்டாவது பல்கலைக்கழகம் கைவிட்டுப் போகும் என்று அவளுக்கே தெரியும், எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். போடும் முன் அவளிடம் கேட்டது ஒன்றுதான், "கணிதம் எச்2தானே?" மூன்று தடவை கேட்டார்.

உட்லண்ட்ஸ்_வாசகி · வெள்ளி இரவு 11:10

இழை முழுவதும் படித்தேன். என் மகன் உயர்நிலை 2, ஆண்டு இறுதியில் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏ-மேத்ஸ் வேண்டாம் என்று அடம் பிடிக்கிறான், கணிதத்தில் 58 வாங்குகிறான். வற்புறுத்தலாமா?

செங்காங்_அப்பா · வெள்ளி இரவு 11:12

வற்புறுத்துங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · சனி காலை 6:45

58 எதனால் என்று முதலில் பாருங்கள் அம்மா. இயற்கணிதமே புரியாமல் 58ஆ, இல்லை அவசரத்தில் தப்புப் போட்டு 58ஆ? இரண்டாவது என்றால் எடுக்கச் சொல்லுங்கள், எச்2 கணிதத்துக்கு அதுதான் அடித்தளம். முதலாவது என்றால் ஆண்டு இறுதிக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதற்குள் அதைச் சரிசெய்துவிட்டுப் பேசலாம். அவனுடைய கடைசித் தேர்வுத் தாளை எடுத்து, எந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண் போயிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.